‘பரவாயில்லை’ என்றால் எவ்வளவு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீடிக்கும் வலியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மெக்கானிக்கல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். என் வகுப்புத் தோழர்களில் பலருடைய வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மூட்டு மாற்றியாகிவிட்டது, அல்லது தேதி குறித்தாகிவிட்டது. மூத்த அண்ணன்மார்கள் சிலர் தாங்களே செய்துகொண்டு, கைத்தடியோடு இந்த மாடிப்படி ஏறி வந்திருக்கிறார்கள். ஆபரேஷனை டாக்டர் பார்த்துக்கொள்வார். வீட்டுக்கு வந்த பிறகு வரும் மாதங்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே என்ன செய்கிறார்கள்? தொடை எலும்பின் தேய்ந்த முனையைச் சீவிவிட்டு, பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலவையில் செய்த உறையை மாட்டுகிறார்கள். கீழே கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன். ஒட்டுவதற்குப் பெரும்பாலும் அக்ரிலிக் வகைச் சிமெண்ட். சில நிமிடங்களில் இறுகிவிடும். நம் ஒர்க்‌ஷாப் கணக்கில் வேலை அன்றைக்கே முடிந்தது. பலரை மறுநாளே நடக்க வைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஏன் ஆறு வாரம் கழித்தும் வலிக்கிறது?

உலோகத்துக்கு வலி தெரியாது. வலிப்பது அதைச் சுற்றியிருக்கும் உடம்பு. அறுத்த தோல், மூட்டைச் சுற்றிய உறை, தசை, சீவிய எலும்பு எல்லாம் ஆற வேண்டும். மூட்டில் வீக்கம் இருக்கும்வரை தொடையின் முன்தசை சரியாக வேலை செய்யாது. முதல் மாதத்தில் அதன் வலிமை பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. தசை தாங்காததால் நடந்தால் வலி, வலிப்பதால் நடப்பதில்லை, நடக்காததால் தசை இன்னும் மெலிகிறது. இந்தச் சுழலை உடைப்பதுதான் வலியைச் சமாளிப்பது என்பதன் பொருள்.

பொதுவாக முதல் இரண்டு வாரம் கடுமையாக இருக்கும். ஆறு வாரத்தில் வீட்டு நடமாட்டம் ஓரளவு சுலபமாகும். மூன்று மாதத்தில் நல்ல மாற்றம் தெரியும். முன்னேற்றம் ஒரு வருஷம் வரைகூடத் தொடரும். முட்டியில் இளஞ்சூடு, தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போவது, நடக்கும்போது ‘டிக் டிக்’ என்று லேசான சத்தம் இவையெல்லாம் பல மாதங்கள் இருக்கலாம். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஆபரேஷன் ஃபெயில்’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

என் அம்மாவுக்கு ஐந்தாவது வாரம். போனில் கேட்கும்போதெல்லாம், “பரவாயில்லப்பா” என்பார். நேரில் போனபோது ஃபிசியோதெரபிஸ்ட் கோணமானி வைத்து அளந்தார். முட்டி 78 டிகிரிதான் மடங்கியது. நடப்பதற்குச் சுமார் 65 டிகிரி போதும். படி ஏற 80-க்கு மேல், நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழ 90-க்கு மேல் வேண்டும். விசாரித்தால், பக்கத்து வீட்டில் “மாத்திரை கிட்னிக்குக் கெடுதல்” என்றார்களாம். அம்மா சாயங்கால மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டார். ராத்திரி தூக்கமில்லை, காலையில் பயிற்சி செய்யத் தெம்பில்லை. “வயசாயிட்டா வலிக்கத்தானே செய்யும், உன்னை எதுக்கு அலைய வைக்கணும்னு சொல்லலை” என்றார்.

அன்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். காலை, மாலை, படுக்கும்போது வலி பத்துக்கு எத்தனை; ராத்திரி எத்தனை முறை விழிப்பு; என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு; பயிற்சி எத்தனை முறை. ஒரு வாரக் குறிப்பை டாக்டரிடம் காட்டியதும் அவருக்குப் பிடி கிடைத்தது. ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மாத்திரை நேரத்தை மாற்றினார். பயிற்சிக்கு அரைமணி முக்கால்மணி முன்னதாக ஒன்று. ஒரே மூச்சாகச் செய்த பயிற்சி நாளுக்கு நாலு சின்னத் தவணைகளானது. பத்தாவது வாரத்தில் 104 டிகிரி.

நாங்கள் கற்ற மற்ற சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியின்போது வலி கொஞ்சம் ஏறி, ஓரிரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்தால் சரி. மறுநாள் காலையிலும் வலியும் வீக்கமும் கூடியிருந்தால் நேற்று அளவு மீறியது. குறையுங்கள், ஆனால் நிறுத்திவிடாதீர்கள். பயிற்சிக்குப் பின் துணி சுற்றிய ஐஸ் பை 15 முதல் 20 நிமிடம். காலை உயர்த்தி வைக்கும்போது குதிகாலுக்கு அடியில் தலையணை கொடுங்கள். முட்டிக்கு அடியில் வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் வளைந்தபடியே இறுகிவிடும். தைலம் தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடமும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் ‘இன்னும் பவர் உள்ள’ வலி மாத்திரை வாங்கிச் சேர்த்துப் போடவே கூடாது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதுதான் உண்மையான ஆபத்து.

சில அறிகுறிகளுக்கு நோட்டுப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தால், காய்ச்சலோடு முட்டி சிவந்தால், காயத்தில் நீரோ சீழோ கசிந்தால், திடீரென்று கால் ஊன்ற முடியாமல் போனால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் வலி போகாதவர்கள் உண்டு. முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நீண்டகால வலி இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. மூன்று மாதத்துக்கு மேலும் வலி விடாமல் இருந்தால், “பழகிக்கணும்” என்று விட்டுவிட வேண்டாம். கிருமித் தொற்று, பொருத்திய பாகம் தளர்வது, இடுப்பு மூட்டிலிருந்தோ முதுகு நரம்பிலிருந்தோ வரும் வலி என்று தேடிப் பார்க்க வேண்டிய காரணங்கள் இருக்கின்றன. தூக்கமின்மையும் மனச்சோர்வும் வலியைக் கூட்டும். அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. காரணம் தெரியாமல் மறுபடி ஆபரேஷனுக்கு ஓடுவதும் சரியல்ல.

ஹாஸ்டலில் இருக்கும் தம்பி தங்கையருக்கு ஒன்று. வீட்டுக்குப் போன் செய்து “வலி எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டால், “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். நம் படிப்பு கெடக்கூடாது என்று சொல்கிற வார்த்தை அது. அதனால் கேள்வியை மாற்றுங்கள். “நேத்து ராத்திரி எத்தனை தடவை முழிச்சே? மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டே? இன்னைக்கு வாசல் வரைக்கும் போனியா?” இதற்கு ‘பரவாயில்லை’ என்று பதில் சொல்ல முடியாது. அளக்காத எதையும் சரிசெய்ய முடியாது என்று லேபில் நமக்குச் சொல்லிக்கொடுத்த கல்லூரி இது. மூத்த அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் என் வேண்டுகோள், பிள்ளைகள் கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள்.