சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளை

தாய்மார்களே, பாட்டிமார்களே, பின்னால் நிற்கிற அண்ணன்மார்களே!

இன்று குழந்தைக்குச் சோறு ஊட்டுவது பற்றிப் பேசப் போகிறேன். "நாங்கள் ஊட்டாத குழந்தையா? நேற்று வந்த பெண் எங்களுக்குச் சொல்ல வந்துவிட்டாளே!" என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான். நீங்கள் பிள்ளை வளர்த்தவர்கள். நான் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவள். ஆனால் மையத்தில் புத்தகத்தைத் திறந்ததும் உங்கள் பேச்சு இதில்தான் போய் நிற்கிறது. "என் பேரன் வாயையே திறப்பதில்லை." "என் பெண் ஒரு வாய் வாங்கி ஒரு மணி நேரம் கன்னத்தில் அடக்கி வைக்கிறாள்." தினமும் இதே பேச்சு. அதனால் அங்கன்வாடி டீச்சரிடமும் ஆஷா அக்காவிடமும் போய்க் கேட்டேன். கேட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன். இடையில் சந்தேகம் வந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. கணக்குப் பாடம் முடித்துவிட்டோம் அல்லவா? போட்டுப் பார்ப்போம்.

ஒரு குழந்தை பிறந்தபோது 3 கிலோ. முதல் பிறந்த நாள் வரும்போது சுமார் 9 கிலோ. ஒரு வருஷத்தில் கூடியது எவ்வளவு? 6 கிலோ. சரி, அடுத்த வருஷம் எவ்வளவு கூடும்? இன்னும் 6 கிலோ என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. இரண்டாவது வருஷத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கே அவ்வளவுதான்.

இதில் நமக்கு என்ன தெரிகிறது? ஒரு வயதுக்குப் பிறகு பிள்ளை வளரும் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் பசியும் முன்போல் இருக்காது. அதே சமயம் நடக்கக் கற்றுக் கொள்கிறது. உட்கார்ந்து சாப்பிட அதற்கு நேரம் இல்லை! நாம் உடனே, "முன்பு நன்றாகச் சாப்பிட்டான், யார் கண் பட்டதோ" என்று மிளகாய் சுற்றிப் போடுகிறோம். சுற்றிப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் இது கண் பட்டதால் வந்தது இல்லை. இது வயது.

இன்னொரு கணக்கு. 8 கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு எவ்வளவு கொள்ளும்? ஏறக்குறைய கால் லிட்டர். ஒரு டம்ளர் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஒரு டம்ளரில் காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும் போய்விட்டால், பத்து மணிக்கு நீங்கள் கொண்டு போகும் களிக்கு இடம் ஏது? பிள்ளை வாயை மூடிக் கொள்கிறது. நாம் "அடம்" என்கிறோம்.

இப்போது நம் தங்கவயல் நிலைமைக்கு வருகிறேன். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு நம் லைன் வீடுகளில் பாதிப் பேர் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூர் போகிறார்கள். போக வர 200 கிலோமீட்டர். அப்பா போகிறார், பல வீட்டில் அம்மாவும் போகிறார். பிள்ளை எழும்போது அம்மா இல்லை. அம்மா திரும்பும்போது பிள்ளை தூங்கப் போகும் நேரம். நடுவில் ஊட்டுவது எல்லாம் பாட்டிதான். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் "தாய்மார்களே" என்றுதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நம் ஊரில் இதைப் பாட்டிமாரிடம்தான் முதலில் பேச வேண்டும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த வீடு என்று கேட்க வேண்டாம். அந்தப் பாட்டி சம்மதித்துத்தான் சொல்கிறேன். பேரனுக்கு ஒன்றரை வயது. சாப்பிட மாட்டான். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் படுக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, சங்கில் கூழை ஊற்றுவார். மூச்சு விட வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? அப்போது உள்ளே இறங்கிவிடும். ஐந்து பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன் என்பார். ஒரு நாள் கூழ் மூச்சுக்குழாயில் போய்விட்டது. பிள்ளை இருமி இருமி நீலமாகிவிட்டான். அன்று எப்படியோ பிழைத்தான். ஆனால் இரண்டாம் நாள் காய்ச்சல். நெஞ்சு உள்ளே இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தான்.

பாட்டியைக் குறை சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். ஏன் அப்படி ஊட்டினீர்கள் என்று நான் கேட்டபோது அவர் சொன்னது இது: "மருமகள் ரயிலை விட்டு இறங்கி வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலே கேட்பாள், 'பையன் சாப்பிட்டானா அத்தை?' என்று. இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? கிழவி தூங்கிவிட்டாள் என்றுதானே நினைப்பாள்?"

மருமகளைக் கேட்டால் அவருக்கும் ஒரு பயம். அக்கம் பக்கத்தில், "சம்பாதிக்கப் போகிறாள், பிள்ளை நோஞ்சானாகக் கிடக்கிறது" என்று பேசுகிறார்களாம். அந்தப் பேச்சுக்குப் பயந்து இவர் கேட்கிறார். இவருக்குப் பயந்து அவர் ஊற்றுகிறார். மாட்டிக் கொண்டது பிள்ளை.

இப்போது அந்த வீட்டில் கேள்வியை மாற்றிக் கொண்டார்கள். "இன்று என்ன கொடுத்தீர்கள் அத்தை?" என்று மருமகள் கேட்கிறார். பாட்டி சொல்கிறார்: களியும் பருப்பும், பிறகு வாழைப்பழம், சாயங்காலம் முட்டை. அவ்வளவுதான் பேச்சு. எவ்வளவு உள்ளே போனது என்ற விசாரணை இல்லை.

இதைத்தான் ஆஷா அக்காவும் சொன்னார். என்ன கொடுப்பது, எந்த நேரத்தில் கொடுப்பது, இது நம் வேலை. எவ்வளவு சாப்பிடுவது, அது பிள்ளையின் வேலை. நல்ல உடம்புள்ள பிள்ளைக்குத் தன் வயிறு தெரியும். ஒரு வேளை குறைத்தால் அடுத்த வேளை கூட்டிச் சாப்பிடும். முகத்தைத் திருப்பினால் வற்புறுத்தாமல் தட்டை எடுத்துவிடுங்கள். ஆனால் அடுத்த நேரம் வரும்வரை பிஸ்கட்டோ, 5 ரூபாய்ப் பாக்கெட்டோ கையில் கொடுக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். அழும்போது நமக்கே மனசு கேட்காது. தண்ணீர் கொடுக்கலாம், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாம்.

என்ன கொடுப்பது? கோலார் மாவட்டம் ராகிக்குப் பேர் போனது. நம்மிடம் இருப்பதே நல்ல சாப்பாடுதான். ஆனால் பிள்ளைக்கு என்று கூழைத் தண்ணீராகக் கரைத்துவிடுகிறோம். வயிறு நிறைகிறது, உடம்பில் ஒட்டுவதில்லை. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடக் கூடாது, மெதுவாக விழ வேண்டும், அந்தப் பதம். 6 மாதம் முடிந்ததும் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்குப் பிறகும் இரண்டு வயதுவரை தாய்ப்பால் தொடரலாம். களியைப் பிசைந்து, பருப்பும் கீரையும் மசித்துப் போட்டு, ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விடுங்கள். சின்ன வயிற்றுக்கு அந்த எண்ணெய்தான் பலம். முட்டை கொடுங்கள். ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு நாளைக்கு அரை லிட்டர் பாலுக்கு மேல் வேண்டாம். பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு இறங்காது. பாலில் இரும்புச் சத்தும் குறைவு. டீ வேண்டவே வேண்டாம். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை அது உடம்பில் சேர விடாது. முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பட்டாணி இவற்றைச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் மாட்டும். இடித்துப் பொடியாக்கிக் கொடுங்கள்.

புதுக் காய் ஒன்றைக் கொடுத்தால் துப்புவான். "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று அன்றே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஒரு பிள்ளை புது ருசியை ஏற்க எட்டு, பத்து தடவை ஆகலாம், பதினைந்தும் ஆகலாம். கொஞ்சமாக வையுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள். தட்டைத் தனியாகக் கொடுத்து அவனையே எடுத்துச் சாப்பிட விடுங்கள். தரையெல்லாம் இறைப்பான். துடைத்துக் கொள்ளலாம்.

முன்பு நிலாவைக் காட்டி ஊட்டினோம். இப்போது போனைக் காட்டுகிறோம். நிலா பேசாது, ஆடாது, பிள்ளை நம் முகத்தையும் பார்த்துக் கொள்ளும். போனைப் பார்க்கிற பிள்ளைக்கு வாயில் என்ன போகிறது என்றே தெரியாது. வயிறு நிறைந்ததும் தெரியாது. போனை மேலே வைத்துவிடுங்கள்.

சில பிள்ளைகளுக்குப் பசி எடுக்காமல் போவதற்கு ரத்தக் குறைவு காரணமாக இருக்கும். 2019 முதல் 2021 வரை அரசு எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள 100 பிள்ளைகளில் 67 பேருக்கு ரத்தக் குறைவு இருந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற உங்கள் பிள்ளைகளையே மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். ரத்தம் குறைந்த பிள்ளை மண் தின்னும், சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டும். அடித்தால் நிற்காது. நம் ஊர் மண்ணோ சாதாரண மண் இல்லை. சயனைடு மேட்டுத் தூசி பறந்து வந்து விழுகிற மண். ஆகவே மண் தின்னும் பிள்ளையைத் தள்ளிப் போடாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். 5 வயதுவரை இரும்புச் சத்து மருந்து, வாரம் இரண்டு முறை 1 மில்லி, ஆஷா அக்கா தருவார். வயிற்றுப் பூச்சிக்கு வருஷத்தில் இரண்டு முறை மாத்திரை தருகிறார்கள். ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுவரை அரை மாத்திரை, அதற்கு மேல் ஒன்று. நன்றாகப் பொடி செய்து தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். சில பிள்ளைகள் சாப்பிடாதது அடமும் இல்லை, வயதும் இல்லை. அவர்களால் முடியவில்லை. குடிக்கும்போதெல்லாம் இருமுகிறது. பால் மூக்கு வழியாக வருகிறது. கழுத்து நிற்க வேண்டிய வயதில் நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் உடம்பு விறைக்கிறது. எடை ஏறாமல் நிற்கிறது அல்லது இறங்குகிறது. இரண்டு பாதமும் வீங்கியிருக்கிறது. இப்படி ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். 2013 முதல் பிள்ளைகளைப் பரிசோதிக்க டாக்டர்கள் குழு அங்கன்வாடிக்கே வரும் திட்டம் இருக்கிறது. அண்ணத்தில் பிளவு இருந்தால் இலவசமாக ஆபரேஷன் செய்ய வழி இருக்கிறது. மூளை வாதம் உள்ள பிள்ளையைப் படுக்கப் போட்டு ஊட்டவே கூடாது. முதுகுக்கும் தலைக்கும் தாங்கல் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்து, எதிரில் உட்கார்ந்து, கெட்டியான சாப்பாட்டைச் சின்னக் கரண்டியில் கொடுக்க வேண்டும். ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். நேரம் பிடிக்கும். அந்த வீட்டுக்காரர்களிடம் "இன்னுமா ஊட்டுகிறீர்கள்" என்று கேட்காமல், கொஞ்ச நேரம் மற்றப் பிள்ளையைப் பார்த்துக் கொண்டால் உதவி.

பிள்ளை சரியாகத்தான் வளர்கிறதா என்று எப்படித் தெரிந்து கொள்வது? பக்கத்து வீட்டுக் குண்டுப் பிள்ளையைப் பார்த்து இல்லை. தாயி கார்டைப் பார்த்து. அதில் எழுத்தெல்லாம் கன்னடம் என்று மூட்டை கட்டி வைத்திருக்கிறீர்கள். மாதா மாதம் எழுதுகிற எடை எண்ணில்தானே இருக்கிறது? எண் படிக்க இப்போது உங்களுக்கு வரும். படத்தில் மூன்று நிறம் இருக்கும். பச்சையில் புள்ளி இருந்தால் சரி. மஞ்சளில் இருந்தால் டீச்சரிடம் பேச வேண்டும். ஆரஞ்சில் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பச்சையிலேயே இருந்தாலும், கோடு மேலே ஏறாமல் இரண்டு மூன்று மாதம் படுத்திருந்தால் கேளுங்கள். பச்சையில் மேலே ஏறிக் கொண்டே போகிற பிள்ளை ஒல்லியாக இருந்தால், யார் என்ன சொன்னாலும் விடுங்கள்.

அண்ணன்மார்களே, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரயில் பிடிக்க வேண்டாமே. அன்று ஒரு வேளை நீங்கள் ஊட்டிப் பாருங்கள்.

கார்டு கொண்டு வரச் சொல்லியிருந்தேன். கொண்டு வந்தவர்கள் எடுத்துக் கையில் வையுங்கள். கடைசியாக எழுதியிருக்கிற எடையை ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். பாட்டி, நீங்களே முதலில் தொடங்குங்கள்.