காசுக்கு வந்த தமிழ்
(புதுவை, தட்டாஞ்சாவடியில் ஆற்றிய உரை)



தமிழ்ப்பெயர் தாங்கிய திரைப்படங்கட்குக் கேளிக்கைவரி இல்லையென 2006இல் தமிழக அரசு ஆணையிட்டது. வடவெழுத்தில் தொடங்கவிருந்த படமொன்றும் 'சில்லுனு ஒரு காதல்' எனத் தன்னைத் திருத்திக்கொண்டது. 2017இல் சரக்கு, சேவை வரி புகுந்தது, சலுகை மறைந்தது. பின்னர் வந்தவை யாவை? 2021இல் 'டாக்டர்', 2022இல் 'டான்'! டகரம் மொழிக்கு முதலாகாதென்னும் தொல்காப்பியத்தை எவர் எண்ணினார்? காசுக்கு வந்த தமிழ் காசோடு போயிற்று.

நம் புதுவைப் பாவேந்தர் உரையாடல் தீட்டிய 'வளையாபதி' 1952இல் வெளிவந்தது. அப்பெயர் எச்சலுகைக்காகவும் சூட்டப்பட்டதன்று, உணர்வே சூட்டியது.

ஆகவே, ஆணைக்குக் காத்திராதீர்! நம் குழந்தைக்கும் கடைக்கும் முதலில் தமிழ்ப்பெயர் சூட்டுவோம். மக்கள் மதிக்கும் மொழியைத் திரையும் மதித்தே தீரும்.

வெல்க தமிழ்!