எலும்பு கூடிவிட்டது, தெம்பு எப்போது வரும்?

(மேடவாக்கத்தில் முதியோர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நிகழ்த்திய உரை)



சில மாதங்களுக்கு முன் இந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபத்திரண்டு வயது அம்மா ஒருவர். கூட்ரோட்டில் சாலையைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் இடித்துத் தொடை எலும்பு இடுப்புக்கு அருகில் முறிந்துவிட்டது. (2022-இல் மேம்பாலம் வந்த பிறகும் கீழே நடந்து கடப்பவர்கள் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல.) ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். நான்கு மாதம் ஆயிற்று. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது. ஆனால் அந்த அம்மா கட்டிலை விட்டு இறங்கவில்லை. "எலும்பு சேந்துடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு உடம்புல பலமே இல்லியேம்மா" என்று அழுதார்.

அவருடைய மருமகள் தங்கமானவர். பல் துலக்கிவிடுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அவரே. "அத்தை, நீங்க அசையாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த அம்மாவின் பலம் விபத்தில் போனதை விட, பிறகு அந்தக் கட்டிலில் போனதுதான் அதிகம்.

2007-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். வயதான, ஆனால் நோய் நொடி இல்லாதவர்களைப் பத்தே நாள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. அடிபடாதவர்களுக்கே இந்தக் கதி என்றால், அடிபட்டு மாதக்கணக்கில் படுத்தவர் நிலையை எண்ணிப் பாருங்கள். படுக்கை தசையோடு விடாது. மலச்சிக்கல், படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, காலில் ரத்தம் உறைவது எல்லாம் அதன் பின்னால் வரும். ஆகையால்தான் இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவரை மறுநாளே எழுப்பி உட்கார வைக்கிறார்கள், நிற்க வைக்கிறார்கள். "இவ்வளவு சீக்கிரமாவா?" என்று வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்க வேண்டாம்.

"வயசாயிடுச்சு, இனிமே எங்க பலம் வரப்போகுது?" என்று கேட்பீர்கள். வரும். பாஸ்டன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி வயது தொண்ணூறு உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். 1990-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேருக்கும் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆயிற்று. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். தொண்ணூறில் முடிந்தது எழுபதில் முடியாதா?

முதலில் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடிபட்ட காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூட்டே மாற்றி வைத்திருந்தால், அவர் அனுமதிக்கும் வரை சம்மணம் போட்டு உட்காருவது, குந்துவது, கால்மேல் கால் போடுவது கூடாது. தரைக் கக்கூஸ் உள்ள வீடானால் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள். உட்காரும் நாற்காலியும் உயரமாக, கைப்பிடியோடு இருக்கட்டும்.

இனி அந்த அம்மாவுக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முதல் வாரம் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்துவது. எழும்போது சட்டென்று எழக்கூடாது. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு இரண்டு நிமிஷம் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், மறுபடி விழுவார்.

அடுத்தது நாற்காலி. கையை ஊன்றி எழுந்து நிற்பது, மெதுவாக உட்காருவது. காலை மூன்று தடவை, மாலை மூன்று தடவை. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஒன்று கூட்டினோம். பத்து வந்ததும் கையை ஊன்றாமல் முயன்றார். மருந்துக் கடையில் விற்கும் எந்த டானிக்கும் இந்த நாற்காலிக்கு ஈடில்லை என்பது என் அபிப்பிராயம். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்பது, கூடத்துக்குள் நடப்பது, கைத்தடியோடு வாசல் வரை போவது. கைத்தடியை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் மாற்றிப் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

களைப்பு வரும்; பயப்பட வேண்டாம். ஒரு மணி நேர ஓய்வில் தீர்ந்தால் அது நல்ல களைப்பு. மறுநாளும் அசதியோ வலியோ கூடுதலாக இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். நிறுத்திவிடாதீர்கள். குளியல், பயிற்சி, விருந்தாளி மூன்றையும் ஒரே காலை வேளையில் வைக்காதீர்கள்.

சரியாகச் செய்தும் களைப்பு தீரவில்லையென்றால் ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். தூக்க மாத்திரையாலும் அசதி வரும். மனச்சோர்வும் உடல் களைப்பு வேஷத்தில் வரும். "மறுபடி விழுந்துடுவேனோ" என்ற பயத்திலேயே கட்டிலோடு ஒட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆகாரம். இங்கேதான் நம் வீடுகளில் பெரிய தப்பு. முட்டை கொடுத்தால் சீழ் பிடிக்கும், தயிர் கொடுத்தால் வாதம் என்று பத்தியம் வைத்துக் கஞ்சியையே ஊற்றுகிறார்கள். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் புரதச் சத்து இரண்டு கிராம் தேறினால் அதிகம். ஐம்பது கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு டம்ளர் பாலில் ஆறு கிராம். ஒரு பிடி கொண்டைக்கடலை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் இன்னொரு ஆறு. பருப்பைக் கெட்டியாகப் போடுங்கள். நெத்திலி கிடைத்தால் விடாதீர்கள். பல் இல்லாவிட்டால் மசித்துக் கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைக்க வேண்டும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் தடவித் தைலம் தேய்த்துக்கொண்டிராமல் 108-க்குப் போன் செய்யுங்கள். புண்ணில் நீர் கசிந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இயன்முறை சிகிச்சைக்குப் போக வண்டிச் செலவு ஆகுமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு வைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து விசாரியுங்கள். கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் நமக்கு எட்டாத தூரமில்லை.

அந்த அம்மா இப்போது தானே குளிக்கிறார். வாசல் வரை வந்து பூக்காரியிடம் பேரம் பேசுகிறார். கூட்ரோடு வரை இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்கிறார். மருமகள் பின்னாலேயே நிற்கிறார், ஆனால் பிடிப்பதில்லை. அந்தப் பழக்கம் வர அவருக்குத்தான் அதிக நாள் ஆயிற்று.

இதோ, கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்று கொண்டுவந்திருக்கிறோம். முன்வரிசையில் இருக்கும் பாட்டி, நீங்கள் வாருங்கள். எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்போம்.