ஆலைக் கம்மியரின் வேலை

நெல்லரவை யந்திரமோ எண்ணெய் யந்திரமோ வாங்குவதென்று ஒரு சங்கம் தீர்மானித்தால், அதன் விலையைப் பற்றி மூன்று கூட்டங்களில் வாதம் நடைபெறும். அதை நிலைநிறுத்தும் வேலையைப் பற்றி மூன்று நிமிஷமும் பேச்சு நடவாது. அஸ்திவாரத்திலும் பொருத்துகூலியிலும் பிடிக்கும் மிச்சம் சிக்கனமாகவே எண்ணப்படுகிறது. அது எத்தகைய நஷ்டம் என்பதைப் பிரிட்டிஷ் ஆலைக் கம்மியரின் சரித்திரத்தால் அறியலாம்.

மில்ரைட் என்று அந்நாட்டார் அழைக்கும் இக்கம்மியர், பதினெட்டாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சென்று நீராலைகளையும் காற்றாலைகளையும் அமைத்தும் பழுது பார்த்தும் வந்தனர். தச்சு, கொல், கொத்து ஆகிய மூன்று வேலைகளும் ஒருவர் கையிலேயே இருந்தன. நீரின் வீழ்ச்சியை அளந்து சக்கரத்தின் அளவைக் கணக்கிடுவதும் அவர் பொறுப்பே.

அவர்களுடைய நுட்பத்துக்கு ஓர் உதாரணம் பாருங்கள். 72 பற்களுள்ள சக்கரம் 24 பற்களுள்ள சிறு சக்கரத்தைச் சுழற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் அதே பல் அதே பல்லைத்தான் சந்திக்கும். ஒன்றில் குறையிருப்பின் அதன் ஜோடி மட்டும் விரைவில் தேயும். ஆகவே கம்மியர் ஒரு பல்லைக் கூட்டி 73 ஆக்குவர். அப்போது சிறு சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தின் எல்லாப் பற்களையும் சந்தித்த பின்னரே முதற்பல்லுக்குத் திரும்பும்; தேய்மானம் பரவி நிற்கும். அன்றியும், இரும்புப் பற்களோடு இணையும் சக்கரத்தில் மரப்பற்களைச் செருகுவதுண்டு. ஓசை குறையும், ஏதேனும் சிக்கிக்கொண்டால் மரப்பல் முறிந்து, விலையுயர்ந்த சக்கரம் தப்பும். ஒரு மரப்பல்லை மாற்ற எவ்வளவு செலவாகும்!

1789-ல் ஸ்காட்லாந்தின் கெல்ஸோ ஊரில் பிறந்த வில்லியம் பேர்பேர்ன், நிலக்கரிச் சுரங்கமொன்றில் இத்தொழில் பயின்றவர். 1817-ல் ஜேம்ஸ் லில்லி என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, மான்செஸ்டரில் வாரம் 12 ஷில்லிங் வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்தார். அங்கிருந்த கடைசல் யந்திரம் அவர்கள் தாமே செய்தது. அதைச் சுழற்ற நீராவி இல்லை, பலசாலியான ஐரிஷ்காரர் ஒருவரை அமர்த்தினர். அவ்வளவே மூலதனம்.

அவர்களுக்குக் கிடைத்த முதற்பெரு வேலை மர்ரே சகோதரர்களின் பஞ்சாலையில். அக்காலத்து ஆலைகளில், நீராவி யந்திரத்தின் பலத்தை நூற்கும் யந்திரங்களுக்குக் கொண்டு சென்றவை கனத்த சதுர வார்ப்பிரும்புத் தண்டுகளும் பெரிய மர உருளைகளுமே. நிமிஷத்துக்குச் சுமார் 40 சுற்று. இணைப்புகள் முனகுவது தொலைவில் கேட்கும். எரித்த கரியின் பலன் நூலாகாமல் உராய்விலே ஓசையாயும் சூடாயும் கழிந்தது. பேர்பேர்ன் கனத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டினார். வேகம் இரட்டித்தால், அதே வேலைக்குத் தண்டின்மேல் விழும் முறுக்கு பாதியாகும். ஆகவே மெல்லிய தண்டும் சிறிய உருளையும் போதும். ஆனால் விரைந்து சுழலும் தண்டு சிறு கோணலையும் பொறுக்காது. உருண்டையாகக் கடைந்து, நேர்கோட்டில் தாங்கிகளை வைத்தாலன்றி அச்சீர்திருத்தம் பலிக்காது. அந்த நேர்மைதான் அவர் விற்ற சரக்கு.

யந்திரந்தோறும் தனி மோட்டார் வந்த பின்னரும் கம்மியரின் வேலை குறையவில்லை. மோட்டாரின் நான்கு கால்களுள் ஒன்று காகிதக் கனம் தூக்கி நின்றாலும், போல்ட்டை முடுக்கும்போது உடல் முறுகி, பேரிங் விரைவில் கெடும். மோட்டாரின் தண்டும் யந்திரத்தின் தண்டும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பதை மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்குவரை பார்ப்பர். பெரிய ஆலைகளில் இதற்கு லேசர் கதிரும் உதவுகிறது. சூடேறினால் உயரும் யந்திரமாயின், குளிர்ந்த நிலையில் அவ்வளவுக்குத் தாழ்த்தியே பொருத்துவர்.

ஆதலின், யந்திரம் பொருத்தப்படும் நாளில் சங்கத்தார் இருவராவது உடனிருத்தல் நலம். அஸ்திவாரம் நன்கு இறுகிற்றா, ரசமட்டம் இரு திசையிலும் வைக்கப்பட்டதா, போல்ட்டுகளை முடுக்கிய பின் மறுமுறை அளந்தனரா என்று கேட்கவேண்டும். முதலில் தானியமின்றி ஓட்டச்செய்து, யந்திரத்தை நிறுத்தியபின் பேரிங் உறையைத் தொட்டுப் பார்க்கவேண்டும்; கை பொறுக்காத சூடாயின் பாக்கித் தொகையைக் கொடுப்பதற்கு முன்னரே பொருத்தியவரை மீண்டும் அளக்கச் சொல்லலாம்.