கண்புரையும் கடல் கடந்த பயணமும்



பண்டமாரானில் ஒரு வீட்டில் பாட்டிக்குக் கண்புரை என்று வைத்துக்கொள்வோம். ஆயுசெல்லாம் பால்மரம் வெட்டியவர். இப்போது பேத்தியின் முகமே மங்கல். தனியார் மருத்துவமனையில் கேட்ட தொகை தலையைச் சுற்றுகிறது. “மதுரைக்குப் போனால் மலிவு” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மறுநாளே சங்கிலி அடகுக்கடைக்குப் போகிறது.

அவர் சொன்னது பொய்யில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, யானை விலை. 1992இல் அரோலேப் என்ற கூடத்தை நிறுவி லென்ஸை அங்கேயே செய்தார்கள்; விலை இறங்கியது.

ஆனால் செலவு லென்ஸோடு முடிகிறதா? பாட்டிக்குத் துணையாக ஒருவர் போகவேண்டும். இருவருக்கும் விமானச் சீட்டு, அறை வாடகை, துணை போனவரின் சம்பள இழப்பு. ஆபரேஷனுக்குப் பின் சில வாரம் சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டவும் வேண்டும். ஊர் வந்தபின் கண் சிவந்து வலித்தால்?

ஆகவே முதலில் அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. லென்ஸுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். முறை வர மாதங்கள் ஆகலாம். புரை பெரும்பாலும் காத்திருக்கும். திடீரென வலியோடு பார்வை மங்கினால் அது வேறு சங்கதி, அன்றே ஓடவேண்டும்.

அப்படியும் மதுரைக்குத்தான் என்றால், வைத்த லென்ஸ் எது, கொடுத்த மருந்து எது என்று எழுதி வாங்கி வாருங்கள். இங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.