பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தரை எப்படிச் சொல்வது?

(ஆம்பூரில் உயர்நிலைப் பள்ளி உபாத்தியாயர்கள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பவுத்தத்தையும் அதன் நடைமுறைகளையும் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டிருக்கிறீர்கள். யாரையும் பவுத்தராகுங்கள் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. ஒரு மதத்தை விட்டு இன்னொரு மதத்திற்குப் போய்விட்டால் மாத்திரம் மனிதனுக்கு அறிவு வந்துவிடும் என்கின்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. ஆனால் சுமார் 2500 வருஷங்களுக்கு முன்பே, எவர் சொன்னாலும் யோசித்துப் பார்த்து ஒப்புக்கொள் என்று சொன்ன ஒருவரை, நம் பிள்ளைகள் யோசிக்காமல் மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதிவிட்டு மறந்து போகிறார்கள் என்றால், அதைவிட வேடிக்கை வேறு என்ன இருக்க முடியும்? அந்த வேடிக்கையை நிறுத்துவதற்கு என்ன செய்யலாம் என்பதே என் பேச்சு. நான் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

வகுப்பில் நடப்பது என்ன? உண்மைகள் எத்தனை என்று கேட்டால் நான்கு என்கிறான் பையன். வழி எத்தனை என்றால் எட்டு என்கிறான். எந்த மரத்தடி என்றால் போதி மரம் என்கிறான். மார்க்கும் கிடைத்து விடுகிறது. துக்கம் என்றால் என்ன, அது யாருக்கு வருகிறது, எதனால் வருகிறது என்று அவனும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

அந்த நான்கையும் ஒரு வைத்தியருடைய வேலையைக் கொண்டு சொல்லிப் பாருங்கள். வியாதி இருக்கிறது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, காரணத்தை நீக்கினால் வியாதி நீங்கும், நீக்குவதற்கு வழி இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். இதில் தலையெழுத்துக்கு இடமெங்கே? ஆண்டவன் கோபத்திற்கு இடமெங்கே? காரணத்தைத் தேடு என்கிற இந்த ஒரு பழக்கம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால், எட்டு வழிகளில் இரண்டு மறந்து போனாலும் ஒன்றும் மோசமில்லை.

இரண்டாவதாக, புத்தர் என்றால் வடநாட்டு ராஜகுமாரன், நமக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்கின்ற எண்ணம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அந்தச் சம்பந்தம் இந்த ரயில் பாதையிலேயே இருக்கிறது. சித்த வைத்தியரான அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் பெற்று வந்து, சென்னையில் சாக்கிய பவுத்த சங்கத்தை ஏற்படுத்தினார். 1907-ல் “ஒரு பைசாத் தமிழன்” என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். அந்தச் சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயலிலும், பெங்களூரிலும், இதோ பக்கத்திலிருக்கிற திருப்பத்தூரிலும், கடல் கடந்து இரங்கூனிலுங்கூட இருந்தன. 1914-ல் பண்டிதர் மறைந்த பிறகு, 1920-களில் அந்தப் பத்திரிகை தங்கவயலிலிருந்து மறுபடியும் வெளிவந்தது. சுரங்கத்தில் இறங்கின கூலிக்காரர்கள் காசு சேர்த்துப் படித்த பத்திரிகை அது. திருப்பத்தூர் பெரியசாமிப் புலவர் போன்றவர்கள் இந்த ஜில்லாவிலேயே அந்த வேலையைச் செய்தவர்கள். சென்னைப் பச்சையப்பன் கல்லூரிப் புரொபசர் லட்சுமி நரசு அவர்கள், விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவர், 1907-ல் பவுத்த சாரத்தை இங்கிலீஷில் எழுதினார். அந்தப் புத்தகத்தை 1948-ல் டாக்டர் அம்பேத்கர் மறுபடி அச்சிடச் செய்தார். 1956-ல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பவுத்தத்தில் சேர்ந்தார்.

பண்டிதர் சங்கம் ஏற்படுத்திய அதே 1898-ல்தான் உ.வே. சாமிநாதய்யர் மணிமேகலையை அச்சிட்டார். பவுத்தம் தழைத்திருந்த இந்த நாட்டில், அந்தத் தமிழ்க் காவியத்தில் வரும் பவுத்த சங்கதிகளை விளங்கிக் கொள்ள அவர், இங்கிலீஷ் புத்தகங்கள் படித்திருந்த மளூர் ரங்காசாரியாரின் உதவியை நாட வேண்டியிருந்தது. காஞ்சிபுரம் இங்கிருந்து எவ்வளவு தூரம்? அங்கே ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் நூற்றுக்கு மேற்பட்ட பவுத்த மடங்களைப் பற்றி எழுதி வைத்தார். அவ்வளவு இருந்தது எப்படி மறந்து போயிற்று என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அதே சமயத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் எல்லோரும் பூர்வத்தில் பவுத்தர்களே என்று பண்டிதர் எழுதியதையும், பண்டிதர் சொன்னார் என்பதற்காக ஒப்புக்கொள்ளச் சொல்லாதீர்கள். சாட்சியம் எது, யூகம் எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு நாம் காட்டுகிற மரியாதை அதுதான்.

இனி நம் ஊர்த் தொழிலுக்கு வருகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களிடம் படிக்கிற பிள்ளைகளில் எத்தனையோ பேருடைய தகப்பனார் தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். தாயார் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். “உன் அப்பா என்ன வேலை?” என்று வகுப்பில் கேட்டால் தலையைக் குனிந்து கொள்ளுகிற பிள்ளை உண்டா இல்லையா? உலகத்தார் காலுக்கெல்லாம் செருப்புப் போடுகிறவன் பிள்ளை ஏன் தலைகுனிய வேண்டும்? தோலைத் தொட்டவன் தீண்டப்படாதவன் என்று சாஸ்திரம் எழுதி வைத்தார்கள். பதனிட்ட தோலை எழுதினவனே காலில் போட்டுக் கொண்டான். இதுதானே சங்கதி?

பவுத்த பிக்ஷுக்களுக்கான விநய நூலில் மகாவக்கம் என்று ஒரு பாகம். அதில் அய்ந்தாவது அத்தியாயத்திற்குத் தோல் அத்தியாயம் என்றே பெயர். சோணன் என்ற ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை துறவியானான். மெல்லிய பாதம். மண்ணில் நடந்து நடந்து பாதம் வெடித்து, நடந்த இடமெல்லாம் இரத்தம். மனசு வெறுத்து வீட்டுக்கே போய்விடலாமா என்று நினைத்தான். புத்தர் வந்து, நீ வீணை வாசிப்பாயே, நரம்பை அதிகமாக முறுக்கினால் இசை வருமா, தளர்த்தி விட்டால் வருமா என்று கேட்டார். இரண்டிலும் வராது என்றான். முயற்சியும் அப்படித்தான் என்று விளக்கினார். பிறகு ஒற்றை அடியுள்ள செருப்புப் போட்டுக் கொள்ள அனுமதித்தார். எனக்கு மாத்திரம் வேண்டாம், எல்லோருக்கும் அனுமதித்தால் போட்டுக் கொள்ளுகிறேன் என்றான் சோணன். எல்லோருக்கும் அனுமதி கிடைத்தது. உடம்பை வதைப்பது புண்ணியம் என்கிற எண்ணத்திற்கு இந்த ஒரு செருப்பு நல்ல பதிலல்லவா?

அதே அத்தியாயத்தில், தூர தேசங்களில் ஆட்டுத் தோலும் மான் தோலும் விரித்துக் கொள்ளலாம் என்றும் இருக்கிறது. ஒரு பிக்ஷு ஆசைப்பட்டதற்காக ஒரு கன்றுக்குட்டி கொல்லப்பட்டபோது, மாட்டுத் தோல் வேண்டாமென்று தடுத்த விதியும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே பேச்சு உயிரின் துன்பத்தைப் பற்றியது. தோலில் வேலை செய்கிறவனின் பிறவியைப் பற்றியதல்ல.

தகாத வியாபாரங்கள் என்று புத்தர் சொன்னவை அய்ந்து: ஆயுதம், உயிர்கள், மாமிசம், மது, விஷம். இந்த ஜாபிதாவைப் பலகையில் எழுதிவிட்டு, பாலாற்றைப் பற்றிக் கேளுங்கள். தோல் கழிவுநீரால் பாலாற்றுப் பிரதேசத்து நிலமும் கிணறும் கெட்டதைப் பற்றி 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்று விதித்தது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து 10 பேர் செத்தார்கள். கழிவை ஆற்றில் விடுவது விஷ வியாபாரத்தில் சேருமா, சேராதா? பொறுப்பு முதலாளிக்கா, தோல் வாங்குகிறவனுக்கா, வேடிக்கை பார்த்த சர்க்காருக்கா? பிள்ளைகள் ஒரு மணி நேரம் தர்க்கம் செய்யட்டும். நல்வாழ்க்கைத் தொழில் என்கிற பாடம் அன்றைக்குத்தான் நடந்ததாக அர்த்தம்.

இன்னொன்று. சிகாலன் என்ற இளைஞன், தகப்பன் சாகும்போது சொன்னானென்று, காலையில் குளித்து ஈரத் துணியோடு ஆறு திக்குகளையும் கும்பிட்டுக் கொண்டிருந்தான். காரணம் அவனுக்கே தெரியாது. திக்கு என்பது தாய் தகப்பன், உபாத்தியாயர், மனைவி மக்கள், சிநேகிதர், வேலையாட்கள், துறவிகள் என்று புத்தர் அவனுக்கு விளக்கினார். வேலையாளுக்கு எஜமானன் செய்ய வேண்டியது என்ன? சக்திக்குத் தக்க வேலை, சாப்பாடும் சம்பளமும், சீக்கு வந்தால் கவனிப்பு, நல்ல பண்டம் வந்தால் அதில் பங்கு, தக்க காலத்தில் ஓய்வு. இதை வீட்டில் போய்த் தாயாரிடம் சொல்லி, இவற்றில் எத்தனை கிடைக்கிறது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். உபாத்தியாயருடைய கடமையும் அங்கே இருக்கிறது: தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கொடுப்பது. பிள்ளைகள் நம்மையும் அளந்து பார்ப்பார்கள். பார்க்கட்டுமே!

நடைமுறைகளைப் பற்றிச் சொல்லுகிறேன். பஞ்சசீலம் என்பது கொலை, களவு, தகாத காமம், பொய், மது ஆகிய அய்ந்தையும் விட்டு நடக்கப் பழகுவது. ஆண்டவன் இட்ட கட்டளை என்று அதில் இல்லை. இப்படி நடக்கப் பழகிக் கொள்ளுகிறேன் என்று மனிதன் தனக்குத் தானே சொல்லிக் கொள்ளுகிற வார்த்தைதான் இருக்கிறது. தியானம் என்றால் அற்புதம் ஒன்றுமில்லை. அய்ந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்கட்டும். மனசு எங்கெங்கே ஓடிற்று என்று சொல்லட்டும். இஷ்டமில்லாத பிள்ளை புத்தகம் படிக்கட்டும். விளக்கேற்றிப் பூப்போட்டு வகுப்பைக் கோயிலாக்கி விடாதீர்கள். வைசாகப் பவுர்ணமியை இன்ன காரணத்திற்காக இன்னார் கொண்டாடுகிறார்கள் என்று சொன்னால் போதும்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. சர்க்கார் பணத்திலேயே முழுவதும் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாதென்பது அரசியல் சட்டத்தின் 28-வது விதி. உதவி பெறும் பள்ளியிலும் பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை மத வழிபாட்டில் சேர்க்க முடியாது. மதங்களைப் பற்றித் தெரிவிப்பது வேறு, மதத்தைப் போதிப்பது வேறு என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஒப்புக் கொண்டிருக்கிறது. மிஷன் பள்ளிகளும் முஸ்லிம் தோழர்கள் நடத்தும் பள்ளிகளும் நிறைந்த இந்தப் பக்கத்தில், இந்த வித்தியாசத்தை நாம் சுத்தமாகக் காப்பாற்ற வேண்டும்.

கடைசியாக, பவுத்தத்தையும் கேள்வி கேட்க விடுங்கள். பெண்களைச் சங்கத்தில் சேர்த்தபோது, நூறு வருஷத்துப் பிக்ஷுணியும் அன்றைக்குச் சேர்ந்த பிக்ஷுவை வணங்க வேண்டுமென்று விதி ஏன்? அடிமையையும் கடன்காரனையும் சேர்க்கக் கூடாதென்றது ஏன்? அம்பட்டரான உபாலிக்குச் சாக்கிய இளவரசர்களுக்கு முன்னால் இடம் கொடுத்த சங்கத்தின் பெயரால், இலங்கையில் சீயம் நிகாயம் கொவிகம ஜாதியாருக்கு மாத்திரம் துறவு கொடுக்கிறதே, அது எப்படி? இப்படிக் கேட்டால் புத்தருக்குக் குறைவு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். காலாமர்கள் என்ற ஜனங்கள், வருகிற குருமார்கள் எல்லோரும் தங்கள் கொள்கையே உயர்ந்தது என்கிறார்களே, யாரை நம்புவது என்று கேட்டபோது, வழக்கம் என்றோ, நூலில் இருக்கிறதென்றோ, குரு சொன்னாரென்றோ ஏற்காதீர்கள். கேடா நன்மையா என்று நீங்களே அறிந்து நடங்கள் என்கிற கருத்தைச் சொன்னவர் அவர். அந்த வார்த்தை அவருக்கும் சேர்த்துத்தான்.

ஆகையால் தோழர்களே! ஒரு வருஷம் பாடம் நடத்தி முடித்த பிறகு, உங்கள் வகுப்பில் எத்தனை பேர் எட்டு வழிகளையும் ஒப்பித்தார்கள் என்று கணக்குப் பார்க்காதீர்கள். எத்தனை பிள்ளைகள் “ஏன்?” என்று எழுந்து கேட்டார்கள், எத்தனை பிள்ளைகள் தகப்பனார் தொழிலைக் குனியாமல் சொன்னார்கள் என்று கணக்குப் பாருங்கள்.