தணிகை மலையடியில் ஒரு பாட்டு வகுப்பு



திருத்தணி மலைக்கு 365 படிகள். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, இந்த மலையில் ஒரு பெரியவர் முத்துசுவாமி தீட்சிதரை வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டு போட்டார் என்று சங்கீத உலகில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தத் தித்திப்போடு அவர் பாடிய முதல் கீர்த்தனையின் ராகம் மாயாமாளவகௌளை.

பாட்டுக் கற்க உட்காரும் எந்தப் பிள்ளைக்கும் முதல் பாடம் சரளி வரிசை. அதற்கும் இதே ராகம்தான். காரணம் இருக்கிறது. இதில் ஸ-வும் ரி-யும் ஒட்டிய வீடுகள், ரி-க்கும் க-வுக்கும் நடுவே நல்ல இடைவெளி, க-வும் ம-வும் மறுபடி ஒட்டு. ப-விலிருந்து மேலே போனால் அதே அமைப்பு அப்படியே திரும்ப வரும். கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு மேல்பாதி பாதி வேலைதான்.

ஆசிரியர் தினத்துக்கு உரியவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்ததும் இதே ஊரில்தான். பாட்டும் பள்ளிக்கூடமும் இப்படிச் சேர்ந்திருக்கும் ஊரில், அரசுப் பள்ளியில் பாட்டுச் சொல்லித்தரும் என் மாணவர் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இசைக் கல்லூரியில் படித்துவிட்டு என்னிடம் பல வருடம் பாடம் கேட்டவர். நல்ல கனமான சாரீரம். மேடையில் ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடுவார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், என் சுருதியில் பாடினால் பிள்ளைகள் முனகுகிறார்கள். ஐந்து கட்டைக்கு வைத்தால் அவர்களுக்குச் சரியாக இருக்கிறது, எனக்கு எட்டவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. சனிக்கிழமை கச்சேரி வேறு இருக்கிறது."

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத கஷ்டம் இது. நாற்பது பிள்ளைகள், மின்விசிறிச் சத்தம், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம். இதற்கு மேல் குரல் எழுப்பிவிட்டு அதே தொண்டையோடு மேடை ஏற வேண்டும். நான் சொன்னேன்: "நீ பாடாதே. சுருதி சேருகிற பிள்ளை ஒன்றைக் கண்டுபிடித்து முன்னால் நிறுத்து. அது பாடட்டும். நீ தாளம் போடு, தப்பு வரும் இடத்தில் மட்டும் வாயைத் திற."

அப்படி முன்னால் வந்து நின்றவள் ஏழாம் வகுப்புச் சிறுமி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். திருத்தணியில் இது சாதாரணம். ம.பொ.சி. முதலானோர் போராடிய பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் இந்த ஊர் ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறியதே தவிர, வீட்டுப் பேச்சு மாறவில்லை. ஒருநாள் தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனை ஒன்றை என் மாணவர் பாடிக்காட்டியபோது அந்தப் பெண் சிரித்துவிட்டாளாம். வார்த்தையை உடைக்கக் கூடாத இடத்தில் உடைத்திருக்கிறார். அதே கீர்த்தனையைப் பத்து மேடையில் பாடியவர் அவர். ஒருவரும் சொன்னதில்லை. அன்று அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து வரி வரியாகப் பொருள் கேட்டுக்கொண்டாராம். அடுத்த கச்சேரியில் திருத்தமாகப் பாடினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

"கச்சேரிக்குப் போகிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன அக்கறை இருக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கதையைத்தான் அவர்களுக்குச் சொல்வேன். மேடையிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து மேடைக்கும் சரக்கு போய் வந்துகொண்டே இருக்கிறது. 1949-ல் சென்னையில் அரசு இசைக் கல்லூரி தொடங்கியபோது முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். அவரைப் பாட்டுக்காரராகவும் வாத்தியாராகவும் சேர்த்தே ஏற்றுக்கொண்டோம். கல்லூரிக்குப் பொருந்தியது பள்ளிக்கூடத்துக்கு ஏன் பொருந்தாது?

இனி மனதைச் சுடுகிற விஷயத்துக்கு வருகிறேன். 2012-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள். மாதம் 5,000 ரூபாய். என் மாணவர் அந்தப் பட்டியலில் வந்தவர். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. சம்பளம் 2021-ல் 10,000 ஆனது, 2024-ல் 12,500 ஆனது. வேலை மட்டும் பகுதிநேரமாகவே நின்றது. மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதும் இவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவந்த குறை. சித்திரை வைகாசி முகூர்த்தங்களில் கல்யாணக் கச்சேரி கிடைத்தால்தான் அந்த மாதம் அடுப்பெரிந்தது.

மூன்று அரைநாள் என்பது கச்சேரிக்காரருக்கு வசதிதானே என்று நானே முதலில் நினைத்தேன். தவறு. பாதி நேரம் கிடைக்கிறது, பாதி மரியாதை கூடக் கிடைப்பதில்லை. கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது பாட்டு பீரியட். ஆண்டு விழா வந்தால் மட்டும் வாத்தியாரைத் தேடுவார்கள். 2022-ல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கிய பிறகு பிள்ளைகளுக்கு மேடை கிடைத்தது, அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அந்த மேடைக்குப் பிள்ளையைத் தயார் செய்கிறவருக்கு நிரந்தர வேலை வேண்டும். மார்கழியில் அவர் கச்சேரிக்குப் போகும் நாட்களைப் பணிநாளாகவே எழுத வேண்டும். ஓடி விளையாடாதவர் விளையாட்டு ஆசிரியராக இருக்க முடியாது. பாடுவதை நிறுத்தியவர் பாட்டு ஆசிரியராக எத்தனை நாள் இருப்பார்?

நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். இலங்கையில் அரசுப் பாடசாலை மாணவர்கள் சாதாரண தரப் பரீட்சைக்கே கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். 1931-ல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்துகிறது. மருதனார்மடத்தில் 1960-ல் தொடங்கிய இராமநாதன் நுண்கலைக் கழகம் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அங்கே படித்துத் தேறியவர்கள் பலர் காலையில் பாடசாலை ஆசிரியர்கள், இரவில் கோயில் திருவிழாவில் வித்துவான்கள். போரின் நடுவிலும் அந்த வகுப்புகளைக் காப்பாற்றிக்கொண்டார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மதிப்பு உண்டு.

டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித் திருவிழா. பஜனைக் கோஷ்டிகள் ஒவ்வொரு படிக்கும் ஒரு திருப்புகழ் பாடி ஏறுவார்கள். போன வருடம் நானும் போயிருந்தேன். கூட்டத்தில் நகர முடியவில்லை. பெரியவர்களின் குரல்களுக்கு மேலே ஒரு பிள்ளைக் கூட்டத்தின் குரல் கேட்டது. ஐந்து கட்டைக்கும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, ஆனால் கலையவில்லை. ஒரு சிறுமி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். அவர்களுக்குப் பின்னால், சென்னையில் மத்தியானக் கச்சேரி முடித்து ரயில் பிடித்து வந்த ஜிப்பாவோடு, என் மாணவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவே இல்லை.